முள் காட்டுவது அளவல்ல: வாடகை வண்டியின் எரிபொருளும் நம் அமானிதமும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. சலவாத்தும் சலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

வங்கி வட்டி ஹராம் என்று நம் மிம்பர்கள் முழங்குகின்றன. அது முழங்க வேண்டியதே. ஆனால் நிக்காஹ்வுக்கும் பெருநாள் பயணத்துக்கும் நாம் எடுக்கும் வாடகைக் காரில் எவ்வளவு எரிபொருள் இருந்தது, எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம், மிச்சம் யாருக்குப் போயிற்று என்ற கேள்வியை எந்த மிம்பரும் கேட்பதில்லை. மதரஸாவில் பாடம் நடத்தும் நாமும் கேட்டதில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரித்துவிட்டு நகர்கிறோம். அந்தச் சிரிப்புக்கு எதிராகவே இதை எழுதுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

சென்ற ஆண்டு ஷவ்வால் மாதம் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காகக் கீழக்கரைக்குப் புறப்பட்டோம். திருவொற்றியூரில் ஒரு சகோதரரிடம் ஏழு பேர் அமரும் கார் ஒன்றை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தோம். அவர் ஜமாஅத்தில் நம்மோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர். ஃபஜ்ரு தொழுத கையோடு சாவியைத் தந்தார். "டீசல் கொஞ்சம் கிடக்கு ஹஜ்ரத். எடுத்த மாதிரியே விட்டுடுங்க" என்றார். நாமும் தலையசைத்தோம். இருட்டில் முள் எங்கே நின்றது என்று அவரும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை. மூவாயிரம் ரூபாய் முன்பணம் கைமாறியது. தாள் எதுவும் கைமாறவில்லை.

போக வர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வழியில் இரண்டு முறை டேங்க்கை நிரப்பினோம். திரும்பிய இரவு எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக்கிடந்த கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் சிக்கிக்கொண்டோம். பின்னிருக்கையில் கைக்குழந்தை. ஏசியை நிறுத்த மனம் வரவில்லை. வண்டி இரண்டு கிலோமீட்டர் கூட நகரவில்லை, முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

வண்டியை ஒப்படைத்தபோது, "நான் கொடுத்தப்ப பாதிக்கு மேல இருந்துச்சு" என்றார் அவர். "கால்வாசிதான் இருந்தது" என்றோம் நாம். இருவருமே பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறோம். இருவரும் பார்க்காத ஒன்றுக்கு இருவருமே சாட்சி சொன்னோம், அவ்வளவுதான். முன்பணத்தில் 1,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டபின், "மனசுல வச்சுக்காதீங்க ஹஜ்ரத், ஹலால் பண்ணிக்குங்க" என்றார். நாமும் நான்கு பேர் முன்னிலையில் "ஹலால்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

உள்ளம் ஹலாலாக்கவில்லை. அதற்குப்பின் பல மாதங்கள் ஒரே பள்ளியில் தொழுதும் ஸலாம் சொல்லாமல் கடந்துபோனோம். 1,200 ரூபாய்க்காக இரண்டு முஸ்லிம்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். அதில் ஒருவர் பிள்ளைகளுக்கு ஹதீஸ் கற்பிப்பவர். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இன்னும் எத்தனை ஸஃப்புகள் இப்படி உடையும் என்ற அச்சம் அந்த வெட்கத்தைவிடப் பெரியது.

எண்ணெயின் அருகில் வாழும் நாம்

எரிபொருளின் அருமை தெரியாத ஊரில் நாம் வாழவில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலை. தண்டையார்பேட்டையில் எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள். நம் தெருமுனைகளைக் கடந்துதான் டேங்கர் லாரிகள் போகின்றன. காசிமேட்டில் ஒரு விசைப்படகு கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை டீசல் கணக்கே முடிவுசெய்கிறது.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் ஒதுங்கிய கசடை வாளிகளால் அள்ளினார்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. "எவ்வளவு கொட்டியது? கணக்கு எங்கே?" என்று இந்த வட்டார மக்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது.

கொட்டிப்போன எண்ணெய்க்கு மற்றவர்களிடம் கணக்குக் கேட்கும் நாம், நம் கையால் வாங்கிய எண்ணெய்க்கு ஏன் கணக்குத் தருவதில்லை? பெரியவனின் அளவுமோசடி நம் கண்ணை உறுத்துகிறது. நம்முடையது பழக்கமாகிவிட்டது. அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்றுக்கொண்டு, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்க அல்குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது. 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்பிஃபீனின் பெயரே அளவில் மோசடி செய்பவர்கள் என்பதுதான். அந்த எச்சரிக்கை தானியக் கடையின் மரக்காலுக்கு மட்டும் உரியதென்றும் வாடகைக் காரின் டேங்க்குக்குப் பொருந்தாதென்றும் நமக்கு யார் சொன்னது?

எத்தனை வகை நிபந்தனைகள்?

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். வாடகை வண்டியின் எரிபொருளுக்கு உலகெங்கும் நான்கு வகை ஏற்பாடுகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதலாவது, நிறைத்து வாங்கி நிறைத்துக் கொடுப்பது. இரண்டாவது, எந்த அளவில் வாங்கினோமோ அதே அளவில் திருப்பிக் கொடுப்பது. நம் பகுதியில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மூன்றாவது, நிறைந்த டேங்க்குக்கு முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டு, காலியாகத் திருப்பிக் கொடுப்பது. மிச்சம் இருந்தால் பணம் திரும்ப வராது. நான்காவது, வாடகையிலேயே எரிபொருளும் அடங்கிவிடுவது. ஓட்டுநரோடு வரும் டிராவல்ஸ் வண்டிகளில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசுவது இந்த வகை.

இவற்றில் மூன்றாவது வகையே பயணிகளை அதிகம் வதைத்தது. ஐரோப்பாவின் சுற்றுலா ஊர்களில் இது பெரும் புகாராக வெடித்தது. எந்தப் பயணியும் கடைசிச் சொட்டு வரை ஓட்டிவிட்டு வண்டியை விட முடியாது. எனவே ஒவ்வொருவரும் விலை கொடுத்து வாங்கிய எரிபொருளில் ஒரு பங்கை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதே எரிபொருள் அடுத்தவருக்கு மீண்டும் விற்கப்படும். 2015ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் அமைப்புகளும் அழுத்தம் கொடுத்தபின், ஐந்து பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள், நிறைத்து வாங்கி நிறைத்துக் கொடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்கு எப்போதும் தருவதாக ஒப்புக்கொண்டன. ஷரீஅத்தை அறியாதவர்கள் நியாய உணர்வினால் மட்டுமே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஷரீஅத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் எங்கே நிற்கிறோம்?

ஃபிக்ஹு என்ன சொல்கிறது?

வாடகை ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹில் இஜாரா என்று பெயர். இஜாராவில் நாம் வாங்குவது பொருளை அல்ல, பொருளின் பயனை. பயனை அனுபவித்தபின் பொருள் உரிமையாளரிடம் அப்படியே திரும்ப வேண்டும். அதனால்தான் எரிப்பதற்காக மெழுகுவர்த்தியை வாடகைக்கு எடுப்பது கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் உதாரணம் காட்டுகின்றன. எரிந்துபோனபின் திருப்பித்தர அங்கே என்ன இருக்கிறது?

இப்போது காரைப் பாருங்கள். காரை வாடகைக்கு எடுக்கலாம், அது திரும்பி வரும். டேங்க்கில் இருக்கும் டீசலை வாடகைக்கு எடுக்க முடியாது, அது எரிந்துபோகும். ஆகவே சாவி கைமாறும்போது அங்கே ஒன்றல்ல, இரண்டு கொடுக்கல் வாங்கல்கள் நடக்கின்றன. வண்டிக்கு இஜாரா. எரிபொருளுக்கு ஒன்று விற்பனை, அல்லது அதே அளவைத் திருப்பித் தருவதாக ஏற்றுக்கொள்ளும் கடன், அதாவது கர்ளு. நாம் முதலாவதை மட்டும் பேசி முடித்துவிட்டு, இரண்டாவதைத் தலையசைப்பில் விட்டுவிடுகிறோம். சண்டை வருவது எப்போதும் அந்த இரண்டாவதில்தான்.

கடன் என்றால் வாங்கிய அளவு தெரிய வேண்டும். விற்பனை என்றால் அளவும் விலையும் தெரிய வேண்டும். அளவு தெரியாத, முடிவு தெளிவில்லாத வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. அந்தத் தெளிவின்மைக்கே கரர் என்று பெயர். "எடுத்த மாதிரியே விட்டுடுங்க" என்ற ஒரே வாசகத்தில் எத்தனை லிட்டர் என்பதும் இல்லை, யார் பார்த்தது என்பதும் இல்லை. கரர் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க நாம் இனி பழைய உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. நம் தெருவிலேயே கிடைக்கிறது.

முன்னோர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் தெரியுமா? வாடகைக்கு எடுக்கும் வாகனப் பிராணியின் தீவனம் உரிமையாளரின் பொறுப்பு என்றார்கள். அதை வாடகைக்கு எடுப்பவர் மீது நிபந்தனையாகச் சுமத்தினால், அது எவ்வளவு ஆகும் என்று தெரியாத காரணத்தால் அந்த ஒப்பந்தமே பழுதாகிவிடும் என்று ஹனஃபி நூல்கள் எழுதின. இன்று எரிபொருள் ஓட்டுபவரின் செலவு என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம், உர்ஃபு. அந்த வழக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஒரு கழுதை தின்னும் புல்லின் அளவில்கூட மயக்கம் இருக்கக்கூடாது என்று எண்ணிய உள்ளங்களின் வாரிசுகள், பதினைந்து லிட்டர் டீசலை "கொஞ்சம் கிடக்கு" என்று சொல்லிக் கைமாற்றுகிறோமே என்பதுதான் நம் வேதனை.

"சார்ந்து வரும் பொருளில் சிறு தெளிவின்மை மன்னிக்கப்படும் என்ற விதி இருக்கிறதே" என்று ஓர் ஆலிம் நம்மிடம் கேட்கலாம். விதி உண்மைதான். வீட்டை வாங்கும்போது அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கச் சொல்வதில்லை. ஆனால் அது தவிர்க்க முடியாத அறியாமைக்குத் தரப்பட்ட சலுகை. கைப்பேசியில் ஒரு புகைப்படம் எடுத்தால் நீங்கிவிடும் அறியாமையை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு, பிறகு அதிலிருந்து ஆதாயம் தேடுவதற்கு அந்த விதி கேடயமாகாது.

முள் ஏன் ஏமாற்றுகிறது?

"முள்தான் காட்டுகிறதே, அளவு தெரிந்துவிடுகிறதே" என்பார்கள். முள் ஓர் அடையாளமே தவிர அளவுகோல் அல்ல. டேங்க்குக்குள் மிதக்கும் ஒரு மிதவையின் உயரத்தைத்தான் அது காட்டுகிறது. டேங்க் சீரான பெட்டி வடிவில் இருப்பதில்லை. எனவே மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே அளவு எரிபொருளைக் கொள்வதில்லை. வண்டி மேட்டில் நின்றால் முள் ஒன்று சொல்லும், சமதளத்தில் வேறொன்று சொல்லும். நிரப்பியபின் பல கிலோமீட்டர் ஓடியும் முள் அசையாமல் நிற்பதையும், பாதிக்குக் கீழே வந்தபின் வேகமாக இறங்குவதையும் ஓட்டுபவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

45 லிட்டர் கொள்ளும் டேங்க்கில் எட்டில் ஒரு பங்கு ஐந்தரை லிட்டருக்கு மேல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 550 ரூபாய்க்கு மேல். முள்ளின் தடிமனுக்குள் ஒரு தொழிலாளியின் அரைநாள் கூலி ஒளிந்துகொள்கிறது.

டேங்க்கில் நம்பகமான இடம் ஒன்றுதான். அது முழு நிறைவு. பங்க்கில் குழாய் தானாக நிற்கும் புள்ளி இரு தரப்புக்கும் பொதுவானது, ரசீதோடு வருவது. ஆகவே நிறைத்து வாங்கி நிறைத்துக் கொடுப்பதே கரரிலிருந்து மிகவும் விலகி நிற்கும் வழி என்று நாம் உறுதியாகச் சொல்கிறோம். அதிலும் ஒரு தந்திரம் உண்டு. செங்கல்பட்டில் நிரப்பிவிட்டு திருவொற்றியூர் வரை ஓட்டி வந்து, முள் இன்னும் உச்சியில் நிற்பதைக் காட்டி "ஃபுல்" என்று ஒப்படைப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே காய்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்த தானியத்தையும் வைத்து விற்றவரிடம், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நினைவிருக்கிறதா? முள்ளை மேலே வைத்து டேங்க்கைக் கீழே இறக்குவது அதே குவியல்தான்.

உரிமையாளர்களுக்கு

வண்டி வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்களே, உங்கள் சிரமங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. தவணை கட்ட வேண்டும், காப்பீடு கட்ட வேண்டும், ரிசர்வில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சாவியை வீசிவிட்டுப் போகிறவர்களையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, வாடிக்கையாளர் விட்டுச்சென்ற கூடுதல் எரிபொருள் உங்களுக்கு வந்த பரக்கத் அல்ல. "கொடுத்ததைவிடக் கூடுதலாக விட்டால் அது வண்டிக்காரருக்கு" என்று முன்பே பேசி அவர் மனமுவந்து ஏற்றிருந்தால் அது வேறு. பேசாமல் எடுத்துக்கொண்டால் அது அடுத்தவர் பொருள்.

இரண்டு, குறைந்த எரிபொருளுக்கு இருமடங்கு பிடிப்பது. ஐந்து லிட்டர் குறைந்தால் ஐந்து லிட்டரின் விலையை வாங்குங்கள். பங்க் வரை போய் நிரப்பிவந்த ஆளுக்கு உண்மையான கூலி உண்டென்றால் அதையும் சொல்லி வாங்குங்கள். அதற்கு மேல் வாங்கும் அபராதம் எதன் விலை? 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஒப்பந்தங்களில் இழப்பீட்டு நிபந்தனை வைக்கலாம் என்று அனுமதித்தது. ஆனால் அடிப்படைக் கடமை கடனாக இருக்கும் இடத்தில் கூடாது என்றும், இழப்பீடு உண்மையான நட்டத்தோடு நிற்க வேண்டும் என்றும் எல்லை கட்டியது. கடன்பட்ட எரிபொருளுக்கு மேல் ஏறும் அபராதம் எந்த வாசலைத் தட்டுகிறது என்று நீங்களே யோசியுங்கள். வங்கிக்குப் போகாமலே அந்த வாசலுக்குப் போய்விட முடியும். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்ந்த நட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

மூன்று, எழுதாமல் இருப்பது. இதற்கு ஒரு வேர் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். நம் பகுதியில் வாடகைக்குச் சுற்றும் கார்களில் பல வெள்ளைப் பலகை வண்டிகள், சொந்த உபயோகத்துக்கென்று பதிவானவை. ஓட்டுநரில்லாமல் வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். 1989இல் கொண்டுவரப்பட்ட வாடகைக் கார் திட்டம் உரிமம் கோருவோரிடம் குறைந்தது 50 வண்டிகளை எதிர்பார்த்தது. ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு அது எட்டாக்கனி என்பதை நாம் அறிவோம். ஆனால் விளைவைப் பாருங்கள். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால் எதுவும் எழுதப்படுவதில்லை. எழுதாததால் எரிபொருளுக்கும் சாட்சி இல்லை, கீறலுக்கும் சாட்சி இல்லை. நாளை விபத்து நேர்ந்து, வண்டி வாடகைக்குப் போனது தெரியவந்தால் காப்பீடும் கைவிரிக்கலாம். ஒரு குடும்பத்தின் உயிரை அந்த வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம் என்பதை மறந்துவிட்டு 1,200 ரூபாய்க்கு வாதாடுகிறோம்.

எடுப்பவர்களுக்கு

குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. பாதி டேங்க்கோடு வாங்கிய வண்டியை ரிசர்வ் விளக்கு எரிய எரியத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, "சாவி மேட்டுக்குக் கீழே இருக்கு பாய்" என்று ஃபோனில் சொல்லிவிட்டுப் போனவர்களையும் நாம் அறிவோம். நிக்காஹ்வுக்கு பிரியாணி, மண்டபம், மாலை என்று லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள், பத்து லிட்டர் டீசலைத் திருப்பி நிரப்ப மனமில்லாமல் போகிறார்கள். நிக்காஹ்வில் ஓதிய துஆவின் ஈரம் காயும் முன்பே அடுத்தவர் பொருளோடு வீடு திரும்புகிறோம்.

இன்னும் சிலர், குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கேன் டீசலை வாங்கி ஊற்றிவிட்டு வண்டியை ஒப்படைக்கிறார்கள். எவருடைய டேங்க்கிலிருந்து உறிஞ்சப்பட்டதோ, எதைக் கலந்ததோ, யார் கண்டது? கடனாக வாங்கியது நல்ல எரிபொருள் என்றால் திருப்பித் தருவதும் நல்லதாகவே இருக்க வேண்டும்.

"ஹலால் பண்ணிக்குங்க" என்ற தந்திரம்

நம் சமுதாயத்தில் மட்டும் புழங்கும் ஒரு சாக்கு இருக்கிறது. எடுத்தவரும் சொல்கிறார், கொடுத்தவரும் சொல்கிறார்: "ஹலால் பண்ணிக்குங்க." இது அழகான சொல். ஒருவர் தன் உரிமையை மனமுவந்து விட்டுக்கொடுக்கும் உயர்ந்த பண்பு இதில் அடங்கியிருக்கிறது. அதையே நாம் கடனைத் தீர்க்காமல் தப்பிக்கும் வழியாக்கிவிட்டோம்.

நான்கு பேர் முன்னிலையில் கேட்டால், முகத்தாட்சண்யத்துக்காக யார்தான் மறுப்பார்? வெட்கத்தைக் கொண்டு பெறப்பட்ட பொருள், பறித்துப் பெறப்பட்ட பொருளைப் போன்றதே என்று ஃபிக்ஹு அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் வாய் ஹலால் என்றது, உள்ளம் சொல்லவில்லை. அந்த 1,200 ரூபாய் அவருக்கு ஹலாலாயிற்றா? நம் வாய்ச்சொல்லை நம்பி அவர் வைத்துக்கொண்டார். நாமோ உண்மையைச் சொல்லும் துணிவில்லாமல் அவரைச் சிக்கலில் விட்டுவிட்டோம். இதில் பெரிய குற்றவாளி யார் என்று இன்றும் நமக்குத் தெளிவில்லை.

"இரண்டு லிட்டர்தானே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் மறுமைக்கு வந்து, பிறர் பொருளைத் தின்ற காரணத்தால் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு ஓட்டாண்டியாக நிற்பவனைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்தச் செய்தியில் இத்தனை லிட்டருக்கு மேல் என்ற வரம்பு எதுவும் கூறப்படவில்லை. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சொந்த விஷயம் பேச வந்தவருக்காக அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்தார்கள் என்ற சம்பவத்தை நாம் எத்தனை பயான்களில் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! அதுவும் எரிபொருள் கணக்குத்தான். எத்தனை சொட்டு எண்ணெய் மிஞ்சியிருக்கும்? அதைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டு வெளியே வந்து, ரிசர்வ் வண்டியை ஒப்படைக்கிறோம்.

இனி எப்படி?

குறை சொல்லி நிறுத்துவது எளிது. எனவே நாமும் அந்தச் சகோதரரும் பின்னர் உட்கார்ந்து பேசி வகுத்துக்கொண்டதை இங்கே வைக்கிறோம்.

1. சாவி கைமாறும் முன், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை இயக்கி, முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி இருவரும் புகைப்படம் எடுத்து, அப்போதே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டும்.

2. இயன்றவரை நிறைத்து வாங்கி நிறைத்தே கொடுக்க வேண்டும். ஒப்படைக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பங்க்கில் நிரப்பி, அந்த ரசீதைக் கையோடு கொடுக்க வேண்டும். பங்க்கின் அளவிலேயே ஐயம் இருந்தால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

3. நிறைக்க முடியாத நிலையில், குறைவுக்கு லிட்டருக்கு என்ன விலை என்பதை வண்டி எடுக்கும்போதே பேசி எழுத வேண்டும். அது அன்றைய பங்க் விலையாக இருக்கட்டும்.

4. கூடுதலாக நிரப்பிவிட்டால் அதற்குப் பணம் திரும்ப உண்டா, இல்லையா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

5. பெட்ரோலா, டீசலா, கேஸா என்பதையும் எழுத வேண்டும். மின்சார வண்டி என்றால் சார்ஜ் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். பொருள் மாறினாலும் அமானிதம் மாறுவதில்லை.

6. முன்பணத்தில் எதையாவது பிடித்தால் எதற்காக, எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். அறியாத நிறுவனத்திடம் ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இவை அனைத்துக்கும் ஐந்து நிமிடம் போதும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. அந்த 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்கவேண்டாம் என்ற கருத்தும் அதிலேயே இருக்கிறது. "நமக்குள்ளே எதுக்கு எழுதிக்கிட்டு" என்ற பேச்சு அன்பின் அடையாளமல்ல. எழுதாமல் விட்டதுதான் நம் அன்பை முறித்தது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் வண்டி வாடகைக்கு விடும் சகோதரர்களை ஒருநாள் இஷாவுக்குப் பின் அழைத்துப் பேசுங்கள். ஒரு பக்க ஒப்பந்தத் தாளை அச்சடித்துக் கொடுங்கள். நிக்காஹ் பதிவேட்டை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறோம்! அந்த நிக்காஹ்வுக்கு வந்துபோன வண்டியின் கணக்கும் ஒழுங்காக இருக்கட்டுமே.

இறுதியாக, நம் கதையின் முடிவு. ரமலானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்தபின் அவர் வீட்டுக்குப் போனோம். "அன்று நாம் ஹலால் என்று சொன்னது வாயளவில்தான். அதைச் சொல்லத்தான் வந்தோம்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கும் தூக்கம் வரல ஹஜ்ரத். முள்ளை நானும் பார்க்கலதான்" என்றார். பழைய பயணத்தின் பங்க் ரசீதுகளை விரித்துக் கணக்குப் போட்டோம். சரியான அளவு இருவருக்கும் கிடைக்கவில்லை, இனி கிடைக்கவும் போவதில்லை. பாதித் தொகையைத் திருப்பித் தந்தார். மீதியை நாம் விட்டுக்கொடுத்தோம். இம்முறை நான்கு பேர் முன்னிலையில் அல்ல. அதனால்தான் அது ஹலாலாயிற்று என்று நம்புகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக. பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக அவன் முன் நிற்கும் நிலையிலிருந்து நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.